மறதி நோய்க்கு வீட்டுக்கே வந்து பார்க்கும் சேவை, கிருஷ்ணகிரி: எங்கள் மூன்று மாத அனுபவம்

அம்மாவுக்கு 76 வயது. டிமென்ஷியா என்று தெரிந்து இரண்டு வருடம் ஆகிறது. மறதியைக்கூடத் தாங்கிக்கொண்டோம், ஆனால் பொழுது சாய்ந்தால் மஞ்சப்பையில் ஒரு புடவையைத் திணித்துக்கொண்டு "வூட்டுக்குப் போவணும், விடு" என்று கேட்டைப் பிடித்து உலுக்குவதையும், குளிக்க வைக்கப் போனால் அடிப்பதையும் சமாளிக்க முடியவில்லை. முதலில் காட்டிய இடத்தில் ஐந்தே நிமிடத்தில் தூக்க மாத்திரை எழுதினார்கள். மூன்றாம் நாள் பாத்ரூம் வாசலில் விழுந்துவிட்டார்.

அப்புறம்தான் கிருஷ்ணகிரியில் ஒரு மனநல கிளினிக்கில் சொல்லி, டாக்டரும் நர்ஸம்மாவும் காவேரிப்பட்டணம் வீட்டுக்கே வந்தார்கள். வந்ததும் வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரையையும் கொட்டச் சொன்னார்கள். மெடிக்கலில் நாங்களே வாங்கிய சளி மாத்திரையை உடனே நிறுத்தச் சொன்னார் டாக்டர், அந்த வகை மாத்திரை வயதானவர்களுக்குக் குழப்பத்தைக் கூட்டுமாம். வெளிக்குப் போய் நான்கு நாள் ஆனதும், முட்டியைத் தொட்டால் அம்மா முகம் சுளிப்பதும் அன்றைக்குத்தான் எங்களுக்கே உறைத்தது. வலிக்கிறது என்று சொல்லத் தெரியாதவர் அடிக்காமல் என்ன செய்வார்?

ஒரு நோட்டும் போடச் சொன்னார்கள். எத்தனை மணிக்கு நடந்தது, அதற்கு முன்னால் என்ன நடந்தது, நாங்கள் என்ன செய்தோம், அவ்வளவுதான். பத்து நாளில் தெரிந்துவிட்டது, பதற்றம் எப்போதும் ஐந்தரை மணிக்கு, அந்தக் காலத்தில் அம்மா புளி மண்டியில் கொட்டை எடுக்கும் வேலை முடிந்து வீடு திரும்பிய நேரம். இப்போது ஐந்து மணிக்கே ஒரு முறத்தில் புளி வைத்துவிடுகிறோம். குளிக்கும்போது தலையில் ஊற்றாமல், சொல்லிவிட்டு வெதுவெதுப்பான தண்ணீரைக் காலில் ஊற்றித் தொடங்குகிறோம்.

என்பிஐ என்று ஒரு கேள்வித்தாள் வைத்திருக்கிறார்கள். அதில் ஒவ்வொரு தொந்தரவும் கவனித்துக்கொள்பவரை எவ்வளவு வாட்டுகிறது என்றும் மதிப்பெண் போடுகிறார்கள். என் மனைவி அங்கேயே அழுதுவிட்டாள், அவளிடம் அதுவரை யாரும் அதைக் கேட்டதில்லை.

மனநோய்க்கான மாத்திரை கடைசியில்தான், அதுவும் குறைந்த அளவில், சில வாரத்துக்குத்தான் என்றார் டாக்டர். டிமென்ஷியா உள்ள முதியவர்களுக்கு அதனால் மரண ஆபத்து கூடுகிறது என்று 2005-லேயே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்திருக்கிறதாம்.

குறை என்றால், ஒரு தடவை வர 800 ரூபாய், வாரத்தில் இரண்டு நாள்தான் வருகிறார்கள், ராத்திரியில் போன் எடுப்பதில்லை. ராத்திரி அவசரத்துக்கு அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ஐ வைத்திருக்கிறோம், கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம். மக்களைத் தேடி மருத்துவம் 2021-ல் நம்ம மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது, பிரஷர் மாத்திரை வீடு தேடி வருகிற மாதிரி இந்த நோட்டும் நர்ஸும் எல்லா வீட்டுக்கும் வர வேண்டும்.

கேட்டை உலுக்குவது இப்போது வாரத்துக்கு ஒரு நாள்தான்.