புரதத் துளி உண்டாக்க மருந்தா, நீல ஒளியா?

கலத்துக்குள் புரதங்கள் திரண்டு உண்டாகும் துளியைச் செய்ய ரபமைசின் என்ற மருந்து நல்லதா, நீல ஒளி நல்லதா என்று கொழும்பில் ஆய்வு தொடங்கப்போகும் இரண்டு தங்கச்சிமார் கேட்டதால் இது.

செலவு: ரபமைசினுக்கு ஒரு குப்பியும் −20 பாகை ஃப்ரீசரும் போதும். ஒளிக்கு நீல ஒளி பாய்ச்சக்கூடிய நுணுக்குக்காட்டி வேண்டும்.

மீள்தன்மை: இங்கேதான் விஷயமே இருக்கிறது. ரபமைசின் எஃப்.கே.பி.பி., எஃப்.ஆர்.பி. என்ற இரண்டு புரதத் துண்டுகளையும் சேர்த்துப் பிடித்தால் இலகுவில் விடாது. கழுவிப் பார்த்தாலும் துளி அசையாது. நீல ஒளி பட்டால் ஒன்றோடொன்று ஒட்டும் கிரை2 புரதமோ ஒளியை நிறுத்திய சில நிமிடங்களில் பிரியும், பிளேன்டீயில் சீனி கரைவதுபோலத் துளி மறையும்.

தொல்லை: ரபமைசின், கலத்தின் வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் எம்டோர் என்ற புரதத்தையும் அடக்கும். ஒளிமுறையில் அறை விளக்கே எதிரி. சிவப்பு வெளிச்சத்தில்தான் கலங்கள் வளரும் தட்டைத் தொடலாம்.

தட்டு முழுக்க ஒரேயடியாகத் துளி வேண்டுமென்றால் மருந்து. ஒரு கலத்தின் மூலையில் மட்டும் போட்டு அணைத்துப் பார்க்க ஒளி.