ஸ்லீப்பில் நிற்காத கம்ப்யூட்டருக்கு எஸ்எம்பிஎஸ் மாற்றச் சொல்கிறார்களா? பணம் கொடுக்காதீர்கள்

மதுரையில் எங்கள் ஏரியா சர்வீஸ் கடை ஒன்றில், நன்றாக ஓடிக்கொண்டிருந்த எஸ்எம்பிஎஸ்ஸை (கம்ப்யூட்டருக்குள் கரண்ட் கொடுக்கும் பெட்டி) கழற்றிவிட்டு வேறொன்றை மாட்டி 3,200 ரூபாய் வாங்கிவிட்டார்கள். கம்ப்யூட்டரில் இருந்த குறை இதுதான்: ஸ்லீப் போட்டால் கொஞ்ச நேரத்தில் தானாகவே எழுந்துகொள்ளும். ராத்திரி ஸ்லீப் போட்டுவிட்டுப் படுத்தால் காலையில் ஃபேன் ஓடிக்கொண்டிருக்கும்.

கடைக்காரர் கேபினெட்டைத் திறந்தார். "எஸ்எம்பிஎஸ் வீக் ஆயிடுச்சு சார், கரண்ட் ஏறி இறங்குது, அதான் தானா ஆன் ஆகுது" என்றார். மாற்றிய பிறகு என் கண் முன்னாலேயே ஸ்லீப் போட்டுக் காட்டினார். அரை மணி நேரம் அசையாமல் கிடந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து மாட்டினால் பழைய கதை. போன் செய்தேன். "அப்ப போர்டுதான் சார்" என்று சொல்லி, மதர்போர்டுக்கு ஏழாயிரம் ஆகும் என வாட்ஸ்அப்பில் அனுப்பினார்.

ஆபீஸில் ஐடி பார்க்கும் தம்பியிடம் இதைச் சொன்னதும், "அண்ணே, லேன் கேபிளைக் கழட்டிட்டு ஸ்லீப் போட்டுப் பாருங்க" என்றான். ரௌட்டரிலிருந்து கம்ப்யூட்டருக்கு வரும் நெட் வயர்தான் அது. கழற்றியதும் எழவே இல்லை. கடையில் ஏன் ஒழுங்காகத் தூங்கியது என்று அப்போதுதான் விளங்கியது. அங்கே கேபிளே மாட்டவில்லை!

விஷயம் இவ்வளவுதான். நெட்வொர்க் வழியாக வரும் சில வகைப் பாக்கெட்டுகளை, அதாவது சின்னச் சின்ன டேட்டா துண்டுகளைப் பார்த்தாலே கம்ப்யூட்டரை எழுப்பிவிட, அந்தக் கேபிள் மாட்டும் லேன் கார்டுக்கு அனுமதி இருக்கும். வீட்டில் டிவி, பிரிண்டர், போன் எல்லாம் ஒரே ரௌட்டரில் இருந்தால் ஏதாவது ஒன்று பேசிக்கொண்டேதான் இருக்கும்.

எஸ்எம்பிஎஸ் என்று சொன்னதே அபத்தம். ஸ்லீப்பில் ஃபேன், டிஸ்க் எல்லாம் நின்றுவிடும். ரேமில் இருப்பது அழியாமலிருக்க எஸ்எம்பிஎஸ்ஸின் 5 வோல்ட் ஸ்டாண்ட்பை லைன் மட்டும் வேலை செய்யும். அது சொதப்பினால் மதர்போர்டு லோகோ வந்து முதலிலிருந்து பூட் ஆகும். என்னுடையது, திறந்து வைத்த ஃபைல்களோடு அப்படியே எழுந்தது. இதைக் கடையில் முதலிலேயே சொன்னேன், காதில் வாங்கவில்லை.

யார் எழுப்பினார்கள் என்பதை விண்டோஸே எழுதி வைக்கிறது. ஈவென்ட் வியூவரில் விண்டோஸ் லாக்ஸ், அதற்குள் சிஸ்டம் போய், பவர்-ட்ரபிள்ஷூட்டர் என்று சோர்ஸ் உள்ள வரியைத் திறந்தால் 'வேக் சோர்ஸ்' என்று இருக்கும். எனக்கு அதில் லேன் கார்டின் பெயரே இருந்தது. சர்வீஸ் தொழிலில் இருப்பவருக்கு இதைப் பார்க்க இரண்டு நிமிடம் ஆகாது.

சரிசெய்ய டிவைஸ் மேனேஜரில் நெட்வொர்க் அடாப்டர்ஸ், லேன் கார்டு, பவர் மேனேஜ்மென்ட் டேப். 'அலவ் திஸ் டிவைஸ் டு வேக் தி கம்ப்யூட்டர்' டிக்கை எடுத்துவிட்டால் போதும். நெட்வொர்க் வழியாக வெளியிலிருந்து கம்ப்யூட்டரை எழுப்பும் பழக்கம் உள்ளவர்கள் அந்த டிக்கை எடுக்காமல், கீழே மேஜிக் பாக்கெட் (எழுப்புவதற்கென்றே அனுப்பும் பாக்கெட்) மட்டும் என்பதையும் டிக் செய்யுங்கள். வேக் சோர்ஸில் மவுஸ் பெயர் வந்தால் மவுஸுக்கும் இதே டேப்தான். மேசை லேசாக ஆடினாலே எழுந்துகொள்ளும் மவுஸ்கள் உண்டு. டைமர் என்று வந்தால் பவர் ஆப்ஷன்ஸில் ஸ்லீப் என்பதன் கீழே 'அலவ் வேக் டைமர்ஸ்' இருக்கும், அதை டிசேபிள் செய்யுங்கள். இதற்கெல்லாம் ஸ்க்ரூடிரைவர் எதற்கு?

பழைய எஸ்எம்பிஎஸ்ஸைத் திருப்பிக் கேட்டேன். அதற்கு இன்னும் வாரண்டி இருந்தது. "அது ஸ்கிராப்ல போயிடுச்சு சார்" என்கிறார். எங்கே போயிருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். பில்லும் தரவில்லை, கேட்டால் 18 சதவீதம் ஜிஎஸ்டி சேர்த்துக் கட்டு என்கிறார். பில் தராமலிருப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நியாயமற்ற வணிக நடைமுறை. கேபினெட்டைக் கொடுக்கும் முன் உள்ளே இருக்கும் பாகங்களின் சீரியல் நம்பரை போட்டோ எடுத்து வையுங்கள், கழற்றியதைக் கையோடு வாங்குங்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுத்திருக்கிறேன். கையில் இருப்பது யுபிஐ ரசீதும் அந்த ஏழாயிரம் ரூபாய் வாட்ஸ்அப் மெசேஜும்தான். பணம் திரும்ப வந்தால் இங்கே எழுதுகிறேன், வராவிட்டாலும் எழுதுகிறேன்.