குரூப் 4 படிப்புக்குச் செயற்கை நுண்ணறிவுச் செயலிகள்: ஏழு மாதப் பயன்பாட்டுக்குப் பின்

பாரிமுனையில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்கு எழுதும் வேலையில் இருக்கிறேன். பல்லாவரத்தில் மின்சார ரயில் ஏறினால் கடற்கரை நிலையம் போய்ச் சேர ஏறக்குறைய முக்கால் மணி நேரம் ஆகும். போக வர அந்த இரண்டு முக்கால் மணி நேரங்களும், இரவில் மகன் உறங்கிய பிறகு கிடைக்கும் ஒரு மணி நேரமும், ஞாயிற்றுக்கிழமைகளில் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகம் கொண்டுவந்து படிப்போருக்கான பிரிவில் இடம் கிடைத்தால் அரை நாளும்தான் தமிழ்நாடு அரசுப் பணிக்கான குரூப் 4 தேர்வுக்கு நான் படிக்கும் படிப்பின் மொத்த முதலீடு. இவ்வளவு குறைந்த நேரத்தைக் கையில் வைத்திருப்பவரிடம் பத்து மணி நேரப் பாடத்தை ஒரு மணி நேரத்தில் படித்துவிடலாம் என்று ஒரு விளம்பரம் சொன்னால், நம்பத்தான் தோன்றும். நானும் நம்பினேன். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லும் அரட்டைச் செயலிகள், நாம் ஏற்றும் ஆவணங்களை வைத்து மட்டும் பேசும் நோட்புக்எல்எம், மனப்பாட அட்டைகளுக்கான அன்கி என்று மூன்று வகைகளை ஏழு மாதங்களாகப் பயன்படுத்திப் பார்த்ததன் விளைவே இந்த மதிப்புரை.

தேர்வைப் பற்றி அறியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். குரூப் 4 தேர்வில் மூன்று மணி நேரத்தில் 200 கொள்குறி வினாக்கள். மொத்தம் 300 மதிப்பெண்கள். அவற்றில் 100 வினாக்கள் தமிழ், 75 பொது அறிவு, 25 திறனறிவு. தமிழ்ப் பகுதியின் 150 மதிப்பெண்ணில் 60 எடுக்காதவரின் மற்ற விடைகள் கணக்கில் கொள்ளப்படுவதே இல்லை. ஆகவே ஒரு செயலி ஆங்கிலத்தில் எவ்வளவு கெட்டிக்காரத்தனமாகப் பேசுகிறது என்பது எனக்கு முக்கியமன்று. சமச்சீர்ப் பாடநூலின் தமிழை அது எப்படிக் கையாளுகிறது என்பதுதான் கேள்வி.

முதலில் அரட்டைச் செயலி. நான் அதிகம் பயன்படுத்திய செயலியின் பெயரைச் சொல்லப் போவதில்லை. நான் கண்ட குறைகள் அதற்கு மட்டுமே உரியவை அல்ல என்பது காரணம். தொடக்கத்தில் அது எனக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது. தனிவட்டி, கூட்டுவட்டி, ஆள்–வேலை–நாள் போன்ற திறனறிவுக் கணக்குகளை இரவு பதினொரு மணிக்கு எத்தனை முறை கேட்டாலும் முகம் சுளிக்காமல் படிப்படியாக விளக்கிற்று. பள்ளியை விட்டுப் பதினைந்து ஆண்டுகள் ஆன எனக்கு, யாரிடமும் கேட்கக் கூச்சப்பட்ட கேள்விகளைக் கேட்க ஓர் இடம் கிடைத்தது. திறனறிவுப் பகுதிக்கு இன்றும் அதைத்தான் பயன்படுத்துகிறேன், அதில் எனக்குக் குறையொன்றுமில்லை.

தமிழுக்கு வந்தபோதுதான் சிக்கல் தொடங்கியது. "எப்பொருள் யார்யார்வாய்க் கேட்பினும்" என்று தொடங்கும் குறள் எந்த அதிகாரத்தில் உள்ளது என்று கேட்டேன். மெய்யுணர்தல் என்று ஒரு வினாடியும் தயங்காமல் பதில் வந்தது. அந்தக் குறள் அறிவுடைமை அதிகாரத்தில் 423-ஆம் குறள். மெய்யுணர்தலில் இருப்பது "எப்பொருள் எத்தன்மைத் தாயினும்" என்று தொடங்கும் 355-ஆம் குறள். இரண்டுக்கும் இரண்டாம் அடி ஒன்றே, முதற்சொல்லும் ஒன்றே. எனவே அது எங்கே இடறியது என்பது புரிந்துகொள்ளக் கூடியதுதான். வினாத்தாள் அமைப்பவர்களும் தேர்வரை இடறச் செய்ய இப்படிப்பட்ட இடங்களைத்தான் தேடுவார்கள். அது தவறு என்று சொன்னேன். உடனே மன்னிப்புக் கேட்டு, சரியான அதிகாரத்தைச் சொன்னது. எனக்கு ஓர் ஐயம் எழுந்தது. இப்போது சொன்னதும் தவறு என்று வேண்டுமென்றே எழுதினேன். அதற்கும் மன்னிப்புக் கேட்டது. இம்முறை கல்வி என்றது. தனக்குத் தெரிந்த சரியான விடையை என் ஒரு வரி மறுப்புக்காகக் கைவிட்ட அந்த இடத்தில்தான் இதை ஆசிரியராகக் கொள்ளக் கூடாது என்று முடிவு செய்தேன்.

குறளைப் பொறுத்தவரை ஒரு தற்காப்பு உண்டு. அதிகாரத்துக்குப் பத்துக் குறள் என்பதால், எண் தெரிந்தால் அதிகாரத்தைக் கணக்கிட்டுவிடலாம்: 421 முதல் 430 வரை 43-ஆம் அதிகாரம், அதாவது அறிவுடைமை. சங்க இலக்கியப் பாடல், ஆசிரியர், அடைமொழி, நூலின் வேறு பெயர் போன்றவற்றுக்கு இத்தகைய கணக்கு ஏதும் கிடையாது. புத்தகத்தைத் திறந்து பார்ப்பது ஒன்றே வழி.

இந்த வழுக்கான காரணத்தைத் தேடியபோது, 2025 செப்டம்பரில் ஓப்பன்ஏஐ ஆய்வாளர்கள் சிலர் வெளியிட்ட கட்டுரை ஒன்று கண்ணில் பட்டது. தெரியாது என்று ஒப்புக்கொள்வதற்கு மதிப்பெண் தராமல், குத்துமதிப்பாகச் சொன்ன விடை பொருந்தினால் மதிப்பெண் தரும் முறையில் இந்த இயந்திரங்கள் பயிற்றப்படுவதாலும் சோதிக்கப்படுவதாலும்தான் அவை துணிந்து புனைகின்றன என்பது அவர்கள் வாதம். படித்தவுடன் சிரித்துவிட்டேன், ஏனென்றால் அது எங்கள் கதை. குரூப் 4 தேர்வில் தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு இல்லை; ஆகவே கடைசிப் பத்து நிமிடத்தில் தெரியாத வினாக்களுக்கெல்லாம் ஏதோ ஒரு வட்டத்தைக் கறுப்பாக்கிவிட்டு வருவோம். எங்கள் ஓ.எம்.ஆர். தாளிலாவது "விடை தெரியவில்லை" என்று ஐந்தாவதாக ஒரு வட்டம் உண்டு. நான் பயன்படுத்திய செயலியோ அந்த ஐந்தாவது வட்டத்தை ஏழு மாதத்தில் ஒருமுறை கூடத் தானாக நிரப்பவில்லை.

யாப்பில் நிலைமை இன்னும் மோசம். "கற்க கசடறக் கற்பவை கற்றபின் நிற்க அதற்குத் தக" என்ற குறளை அலகிட்டுக் காட்ட, அதாவது சீர்களை அசைகளாகப் பிரித்துக் காட்டச் சொன்னேன். கற்/க நேர் நேர், தேமா, அதில் தவறில்லை. அடுத்த சீரைக் க/சட/றக் என்று மூன்றாகப் பிரித்து, காய்ச்சீர் என்று சொல்லிவிட்டது. இரண்டு குறில் சேர்ந்தால் நிரையசை என்பது ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். கச/டறக், நிரை நிரை, கருவிளம். எங்கள் தெருவில் இருக்கும் ஓய்வுபெற்ற தமிழாசிரியரிடம் இதைக் காட்டினேன். ஐயா கைப்பேசியை வாங்கிப் பார்க்கவே இல்லை. என் குறிப்பேட்டின் ஓரத்தில் பென்சிலால் ஏழு சீரையும் கோடிட்டு, தேமா, கருவிளம், கூவிளம், கூவிளம், தேமா, புளிமா, மலர் என்று எழுதிக் கொடுத்து, மாவுக்குப் பின் நிரையும் விளத்துக்குப் பின் நேரும் வருகிறதா என்று என்னையே சரிபார்க்கச் சொன்னார். வந்தது.

இதற்குக் காரணம் அறியாமை மட்டுமன்று, கட்டமைப்பு. இந்த இயந்திரங்கள் எழுத்துக்கூட்டிப் படிப்பதில்லை. உரையைத் துண்டுதுண்டாக வெட்டி, அத்துண்டுகளை எண்களாக்கிப் படிக்கின்றன. "கசடறக்" நமக்கு ஐந்து எழுத்து. யூனிகோடில் புள்ளியும் தனிக் குறியீடு என்பதால் அது ஆறு குறியீடுகள். ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு மூன்று பைட் என்ற கணக்கில் 18 பைட். அதை எந்த இடத்தில் வெட்டுவது என்பது தொல்காப்பியரைக் கேட்டு முடிவு செய்யப்பட்டதன்று. குறில் எது, ஒற்று எது என்று இயந்திரத்தின் கண்ணுக்குத் தெரியாதபோது அசை எப்படித் தெரியும்? அதனால் யாப்பு, புணர்ச்சி, அகரவரிசைப்படுத்துதல், மாத்திரைக் கணக்கு ஆகிய நான்குக்கும் இச்செயலிகளை நம்ப வேண்டாம் என்பது என் கருத்து. நடப்பு நிகழ்வுகளுக்கும் அப்படியே: நாளிதழே போதும்.

இனி நோட்புக்எல்எம். கூகுள் நிறுவனத்தின் இச்செயலி மற்றவற்றிலிருந்து ஒரு முக்கியமான வகையில் வேறுபடுகிறது. நாம் ஏற்றும் ஆவணங்களைக் கொண்டுதான் பதில் சொல்லும். ஒவ்வொரு வாக்கியத்தின் அருகிலும் ஓர் எண் இருக்கும். அதைத் தொட்டால் மூல ஆவணத்தின் அந்தப் பத்தி திறக்கும். இலவசக் கணக்கிலேயே ஒரு நோட்டுக்கு 50 ஆவணங்கள் வரை ஏற்றலாம் என்பதால், ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரையிலான சமூக அறிவியல் நூல்கள் ஒரே நோட்டில் அடங்கிவிடுகின்றன. பாளையக்காரர் கிளர்ச்சி எந்தெந்த வகுப்பில், எந்த அளவுக்கு வருகிறது என்று கேட்டுப் பெறுவதற்கு முன்பெல்லாம் எனக்கு இரண்டு மாலைகள் ஆகும். இப்போது தேநீர் ஆறுவதற்குள் முடிகிறது. இந்த ஒரு வேலைக்காகவே இதைப் பரிந்துரைப்பேன்.

ஏற்றும் கோப்பில் மட்டும் கவனம் வேண்டும். ஒரு பயிற்சி மையத்தில் பணம் கட்டி வாங்கிய இலக்கணக் குறிப்பை ஏற்றினேன். பதிலாக வந்தது பொருளற்ற குழப்பம். கோப்பு பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டிருந்தது. கண்ணுக்குத் தமிழாகத் தெரிந்தாலும் உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துக்களே. கோப்பிலிருந்து ஒரு வரியை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டிப் பாருங்கள். தமிழாக விழுந்தால் ஏற்றலாம், இல்லையென்றால் யூனிகோடுக்கு மாற்றிய பிறகுதான் பயன்படும்.

அதே நோட்புக்எல்எம்மில், ஆவணத்தை இருவர் உரையாடலாக மாற்றித் தரும் ஒலி வசதி 2025 ஏப்ரல் முதல் தமிழிலும் கிடைக்கிறது. ரயிலில் நின்றுகொண்டு போகும் எனக்கு இது வரம் என்று நினைத்தேன். கேட்க இனிமையாகத்தான் இருந்தது, மாம்பலத்தில் கூட்டம் நெருக்கும்போது கூட. மூன்று வாரம் கேட்டேன். நான்காம் வாரம், கேட்ட பாடங்களிலிருந்து பழைய வினாத்தாளின் வினாக்களைப் போட்டுப் பார்த்தபோது பாதி கூடத் தேறவில்லை. பாடம் எனக்குத் தெரியும் என்ற உணர்வு மட்டும் நிறைய இருந்தது.

அந்த உணர்வுதான் இச்செயலிகளின் உண்மையான ஆபத்து என்று இப்போது எண்ணுகிறேன். 2006-இல் ரோடிகர், கார்பிக்கி என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் இதைச் சோதித்திருக்கிறார்கள். ஒரு பத்தியை நான்கு முறை திரும்பத் திரும்பப் படித்தவர்கள், ஒரு முறை படித்துவிட்டு மூன்று முறை பார்க்காமல் எழுதிப் பார்த்தவர்கள் என்ற இரு குழுக்களில், ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது படித்தவர்களே முன்னிலையில் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது எழுதிப் பார்த்தவர்கள் 61 விழுக்காடும், படித்தவர்கள் 40 விழுக்காடும் நினைவில் வைத்திருந்தார்கள். துருக்கியில் ஏறக்குறைய ஆயிரம் பள்ளி மாணவர்களிடம் செய்யப்பட்ட ஆய்வு நம் காலத்துக்கு இன்னும் நெருக்கமானது: சாதாரண அரட்டைச் செயலியுடன் கணக்குப் பயிற்சி செய்தவர்கள் பயிற்சியின்போது 48 விழுக்காடு மேம்பட்டார்கள்; செயலி இல்லாமல் தேர்வு எழுதியபோது, அதைத் தொடாதவர்களை விட 17 விழுக்காடு பின்தங்கினார்கள். விடையைத் தராமல் குறிப்பு மட்டும் தரும்படி அமைக்கப்பட்ட செயலியைப் பயன்படுத்தியவர்களிடம் அந்தச் சரிவு பெரும்பாலும் காணப்படவில்லை.

அதன் பிறகு என் முறையைத் தலைகீழாக மாற்றினேன். பாடத்தைப் புத்தகத்தில் நானே படிக்கிறேன். படித்த பக்கங்களை நோட்புக்எல்எம்மில் ஏற்றிவிட்டு, இப்படி எழுதுகிறேன்: "இந்தப் பாடத்திலிருந்து மட்டும் பத்துக் கொள்குறி வினாக்கள் கேள். ஒவ்வொன்றாகக் கேள். நான் பதில் சொல்லும் வரை விடையைச் சொல்லாதே. விடைக்கு ஆதாரமான வரியைப் பாடத்திலிருந்து அப்படியே எடுத்துக் காட்டு." (அது என்னை "நீங்கள்" என்றே அழைக்கிறது, நான்தான் ஒருமையில் அதட்டிக்கொண்டிருக்கிறேன்.) கடைசி வாக்கியம் மிக முக்கியம்; அது இல்லாவிட்டால் பாடத்தில் இல்லாத செய்தியிலிருந்தும் வினா வரும். கூற்று–காரணம், பொருத்துக வகை வினாக்களை வேண்டும் என்று தனியே கேட்க வேண்டும். இன்னொரு குறை: விடையின் இடத்தை அது சரியாகக் கலைப்பதில்லை. ஒருமுறை எண்ணிப் பார்த்தேன். இருபது வினாக்களில் பன்னிரண்டுக்கு விடை "ஆ". வினாவைப் படிக்காமலே அறுபது விழுக்காடு தேறிவிடலாம். விடைகளை நான்கு எழுத்துக்களுக்கும் சமமாகப் பகிரச் சொன்னால் ஓரளவு சரியாகிறது. சாட்ஜிபிடியில் 2025 ஜூலையிலும் ஜெமினியில் அடுத்த மாதமும் வந்த படிப்பு முறைகள், விடையைக் கையில் கொடுக்காமல் எதிர்க்கேள்வி கேட்டு நடத்திச் செல்வதற்காகவே உருவாக்கப்பட்டவை. முதன்முறை தொடங்குபவர்கள் அங்கிருந்து தொடங்கலாம்.

தவறவிட்ட வினாக்கள் மட்டும் அன்கிக்குப் போகின்றன. 2006 முதல் இருக்கும் இச்செயலியில் கவர்ச்சி ஏதுமில்லை. முகப்பைப் பார்த்தால் அரசு அலுவலகப் படிவம் போல் இருக்கும். மறக்கப் போகும் தறுவாயில் அட்டையை மீண்டும் காட்டுவது ஒன்றே அதன் வேலை. எளிதாகச் சொன்ன அட்டை பல நாள் கழித்து வரும். தடுமாறிய அட்டை நாளையே வரும். ஆண்ட்ராய்டிலும் கணினியிலும் இலவசம். ஐபோனில் மட்டும் பணம் கட்ட வேண்டும். இப்போது பல்லாவரம் முதல் கடற்கரை வரை அறுபது அட்டைகள் முடிகின்றன, உட்கார இடம் கிடைத்தால் எண்பது. அட்டைகளையும் செயலியே எழுதித் தரும் என்றாலும், நான் கையால்தான் தட்டச்சு செய்கிறேன். ஒரு தவறான அட்டை உள்ளே நுழைந்துவிட்டால் அந்தத் தவற்றை ஐம்பது முறை மனப்பாடம் செய்ய நேரிடும்.

நூலகத்தில் எனக்கு எதிரே அமரும் தங்கை ஒருத்தி எல்லாப் பாடங்களையும் சுருக்கி வாங்கி, நானூறு பக்கம் அச்சிட்டு, சுருள்கட்டுப் போட்டு வைத்திருக்கிறாள். "அக்கா, உங்களுக்கும் அனுப்பட்டுமா?" என்று அன்போடு கேட்டாள். அந்தக் கட்டின் நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து, மூடிவிட்டு, அதிலிருந்து ஒரு கேள்வி கேட்டேன். அவளுக்கு வரவில்லை; எனக்கும் வந்திருக்காது. இப்போது ஞாயிறு மதியம் சாப்பாட்டுக்குப் பின் இருவரும் மாறி மாறி வினா கேட்டுக்கொள்கிறோம்.

விலையைப் பொறுத்தவரை, சாட்ஜிபிடி 2025 ஆகஸ்டில் இந்தியாவுக்கென மாதம் 399 ரூபாய்த் திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. நவம்பரில் அதையே ஓராண்டுக்கு இலவசமாகத் தரத் தொடங்கியது. நான் வேறொரு செயலிக்கு இரண்டு மாதம் சந்தா கட்டி, இலவசக் கணக்கில் நடக்காத எதுவும் அதில் நடக்கவில்லை என்று நிறுத்திவிட்டேன். என் தேவைக்கு நோட்புக்எல்எம்மின் இலவசக் கணக்கும் அன்கியும் போதும். அரட்டைச் செயலி, கணக்குக்கு மட்டும். சந்தா நின்ற மாதம், நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையில், இன்று பேராசிரியர் அன்பழகன் கல்வி வளாகம் என்று பெயர் மாறிவிட்ட டி.பி.ஐ. என்னும் பள்ளிக் கல்வித் துறை வளாகத்துக்குப் போய், என்னிடம் இல்லாமலிருந்த ஒன்பதாம் வகுப்புத் தமிழ் நூலை வாங்கி வந்தேன். யாப்பிலக்கணம் அதில் இருக்கிறது.