லெகோவா, ப்ளேமொபிலா, மித்திக் லீஜியன்ஸா: மீசை வச்ச காவக்காரன எதுல செய்யலாம்?

கடையில விக்கிற ஃபேன்டஸி பொம்மைகளோட தலை, உடம்பு, கை, ஆயுதம் எல்லாத்தையும் கழட்டி மாத்திப் போட்டு நம்ம மனசுல இருக்கிற ஆள செய்யணும்னா எந்த கம்பெனி பொம்மை தோதுப்படும்? யூட்யூப்ல இதுக்கு ஆயிரம் பேர் பதில் சொல்றாங்க, ஆனா அவங்க செய்யறது பூரா எல்ஃப், டுவார்ஃப், பளபளன்னு கவசம் போட்ட வீரன். எனக்கு வேண்டியது வேற. வெள்ளிக்கிழமை ராத்திரி சிங்கப்பூர் ஈசூன்ல கூட்டாளி வீட்டுல நாங்க டி அண்ட் டி (டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், ஆளுக்கொரு கேரக்டரா மேசையில ஆடுற கதை விளையாட்டு) ஆடுவோம், அதுல என் கேரக்டர் ஒரு ஊர்க்காவக்காரன், கருத்த மேனி, முறுக்கு மீசை, தலைப்பாகை, கையில அருவா, வெள்ளை வேட்டி, முடிஞ்சா ஒரு குதிரை. (சாமிய வச்சு வெளாடுறியான்னு அம்மா கேட்டாங்க, சாமி இல்லம்மா சாமிக்கு வேலை பாக்குறவன்னு சொல்லி சமாளிச்சிருக்கு.) இந்த ஒரே ஆள மூணு கம்பெனி பொம்மையிலயும் செஞ்சா எங்க இடிக்கும்னு பாக்குறதுதான் நியாயமான போட்டி.

முதல்ல சைஸ், ஏன்னா பாதி பேருக்கு முடிவு இங்கயே ஆயிடும். டி அண்ட் டி மேப்ல ஒரு கட்டம் ஒரு அங்குலம். லெகோ மினிஃபிகர், அதாவது லெகோவோட குட்டி ஆள், கால் ரெண்டு ஸ்டட் (லெகோ கட்டை மேல இருக்கிற குமிழ்) அகலம், அதாவது 16 மில்லிமீட்டர், ஆள் உயரம் சுமார் 4 சென்டிமீட்டர், கட்டத்துக்குள்ள அழகா நிக்கும். ப்ளேமொபில் ஆள் 7.5 சென்டிமீட்டர். மேப்ல வச்சா பக்கத்துல நிக்கிறவங்களுக்கு அண்ணாந்து பாக்கணும் போல இருக்கும். மித்திக் லீஜியன்ஸ் ஆறு ஏழு அங்குல ஆக்‌ஷன் ஃபிகர், அது மேப் மேல நின்னா டிராகனே பயந்து ஓடிரும். ஆடுறதுக்குன்னா லெகோதான், பேச்சே இல்ல. ஷெல்ஃப்ல வைக்கத்தான்னா இனிமேதான் கதை ஆரம்பிக்குது.

லெகோவோட பலம் என்னன்னா 1978ல வந்த மினிஃபிகர் தலை இன்னிக்கு வர்ற உடம்புலயும் உக்காரும். தலைக்கு மேல ஒரு ஸ்டட், அதுல முடியோ தொப்பியோ எது வேணா போடலாம், கையில இருக்கிற பிடி 3.18 மில்லிமீட்டர் கம்பிக்கு செஞ்சது, அதனால எந்த கதை ஆளோட வாளையும் எந்த ஆள் கையிலயும் குடுத்துரலாம். இத்தனை வருஷத்து பார்ட்ஸ் எல்லாம் ஒண்ணுக்கொண்ணு சேரும்ங்கறப்ப என் காவக்காரனுக்கு தேவையானது எங்கயோ ஒரு மூலையில இருக்கத்தான் செய்யுது, மூடுன பாக்கெட்டுல ஒவ்வொரு ஆளா வித்த சீரிஸ்ல, தலைப்பாகைக்கு 2015ல வந்த 13ஆம் சீரிஸ் பாம்பாட்டி இருக்கான், முறுக்கு மீசைக்கு 2ஆம் சீரிஸ் சர்க்கஸ் ரிங்மாஸ்டர் இருக்கான், அருவாளுக்கு அந்த அரபுக்கதை ஸ்டைல் வளைஞ்ச வாள், சுத்தமான அருவா இல்லதான், ஆனா நாலு சென்டிமீட்டர் ஆள் கையில பாத்தா கண்ணு ஒத்துக்கும்.

இடிக்கிற இடம் தோல் கலர். லெகோ தன்னோட சொந்த கதை ஆளுங்களுக்கு மஞ்சள் மூஞ்சி வைக்கும், சினிமா மாதிரி லைசென்ஸ் வாங்குன ஆளுங்களுக்கு 2003, 2004 வாக்குல இருந்து நிஜ தோல் கலர் வைக்குது. ரிங்மாஸ்டர் மீசை மஞ்சள் தலையிலதான் இருக்கு! எனக்கு வேணும்ங்கற பிரவுன் தலையில மீசையோட தேடுனா ரொம்ப கொஞ்சம்தான் கிடைக்குது. சரி ஒரு பிரவுன் தலை கிடைச்சிருச்சுன்னு வச்சுக்கங்க, அப்புறம் உடம்பப் பாக்கணும், நெறைய சட்டை டிசைன்ல கழுத்துக்குக் கீழ வி மாதிரி தோல் பிரிண்ட் ஆயிருக்கும், அது மஞ்சளா இருந்தா தலைக்கும் நெஞ்சுக்கும் ஒட்டாது, பாத்த உடனே வேற ஆளோட உடம்புல தலைய ஒட்டுன மாதிரி தெரியும். அதனால கழுத்து வரைக்கும் மூடுன சட்டையோ கவசமோ போட்ட உடம்பா தேடுங்க, இல்லன்னா மேல ஒரு கேப் போட்டு கழுத்த மறைங்க. கை மட்டும் கவலையில்ல, மணிக்கட்ட பிடிச்சு லேசா திருகிக்கிட்டே இழுத்தா உள்ளங்கை வந்துரும், பிரவுன் கைய சொருகிட்டா முடிஞ்சுது. முழு கைய தோள்ல இருந்து பிடுங்குறது வேற விஷயம். வரும், ஆனா அடிக்கடி செஞ்சா அக்குள் பக்கம் உடம்பு விரிசல் விடும். செகண்ட்ஹேண்ட் வாங்கும்போது நான் மொதல்ல பாக்குறதே அதான், ஃபோன் டார்ச்ச அடிச்சு ஆள சாய்ச்சுப் பிடிச்சா அக்குள்ல இருந்து கீழ தலைமுடி மாதிரி ஒரு கோடு தெரியும், நேரா பாத்தா தெரியவே தெரியாது.

2024ல டி அண்ட் டிக்கு 50 வயசு, அந்த வருஷம் லெகோ 12 ஆள் கொண்ட டி அண்ட் டி சீரிஸ் விட்டுச்சு, டிராகன்பார்ன் பாலடின், கொம்பு வச்ச டீஃப்ளிங், மைண்ட் ஃப்ளேயர், டுவார்ஃப் பார்பேரியன் எல்லாம் அதுல வரும். பார்ட்ஸ் மாத்துறவங்களுக்கு அது தங்கச் சுரங்கம். ஆனா ஒண்ணு, இப்பல்லாம் பெட்டியில வருது. 2010ல மொதல் சீரிஸ் வந்ததுல இருந்து பிளாஸ்டிக் பையில வந்துச்சு, விரலால தடவிப் பாத்தே உள்ள வாளா கேடயமான்னு கண்டுபிடிச்சு வாங்குற கில்லாடிங்க இருந்தாங்க. 2023ல அட்டைப் பெட்டிக்கு மாறுனதும் அந்த வித்தை செத்துப்போச்சு, இப்ப பெட்டிக்கு அடியில இருக்கிற கோடை ஃபோன்ல ஸ்கேன் பண்ற ஆளுங்க வந்துட்டாங்க. கடைக்காரர் மூஞ்சியப் பாத்துட்டு செய்யுங்க, எல்லாருக்கும் பிடிக்காது.

அதிர்ஷ்டத்த நம்பாதவங்களுக்கு இங்க மூணு வழி. பெரிய லெகோ கடைகள்ல தட்டுல குவிச்சு வச்சிருக்கிற பார்ட்ஸ்ல நாமளே பொறுக்கி மூணு ஆள் சேத்து ஒரு பேக்கா வாங்கலாம், பிள்ளைங்களுக்கு ஜாலி, ஆனா ஃபேன்டஸி அயிட்டம் அங்க குறைச்சல், அன்னிக்கு தட்டுல என்ன இருக்கோ அதான். கேரோசெல்ங்கிற செகண்ட்ஹேண்ட் ஆப்ல லோக்கல் ஆளுங்க தனித்தனி தலை கால்னு போடுவாங்க, எம்ஆர்டி ரயில் ஸ்டேஷன் கேட்டுக்கு அந்தப்பக்கம் அவரு நிக்க இந்தப்பக்கம் நாம நிக்க ஒரு சின்ன ஜிப்லாக் பையும், ஃபோன்ல அனுப்புற பேநவ் காசும் கைமாறும், கார்டு தட்டி வெளிய வரக்கூட வேண்டாம். மூணாவது பிரிக்லிங்க். 2000ல ஆரம்பிச்ச சைட், 2019ல லெகோவே வாங்கிருச்சு, எந்த பார்ட் எந்த கலர் எந்த வருஷம்னு துல்லியமா தேடலாம். ஒரு தலை விலைய விட தபால் செலவு ஜாஸ்தியா வரும்ங்கறதால நான் எப்பவும் விக்கிறவங்க ஊரு சிங்கப்பூர்னு போட்டுத் தேடிட்டு, கிடைக்கலன்னாதான் வெளிய போவேன்.

இப்ப ப்ளேமொபில். டி அண்ட் டி வந்த அதே 1974ல வந்த ஜெர்மன் பொம்மை. இத குழந்தைங்க சாமான்னு தள்ளிட்டுப் போறவங்கதான் ஜாஸ்தி, எனக்கு அதுல சம்மதமில்ல. லெகோல துணிமணி எல்லாம் பிரிண்ட், ப்ளேமொபில்ல தனித்தனி பொருள்: தாடி, காலர், பெல்ட், மணிக்கட்டு காப்பு, தோள் கவசம், இடுப்புல சொருகுற உறை எல்லாம் தனியா மாட்டிக் கழட்டலாம். அதனால ஒருத்தனுக்கு நகையும் ஆயுதமும் அடுக்கிக்கிட்டே போகலாம், நம்மூர் எல்லைச்சாமி சிலைகள்ல எப்படி மாலை, சலங்கை, கச்சைன்னு அடுக்கு அடுக்கா இருக்குமோ அந்த கனம் இதுலதான் வருது. குதிரையும் இவங்க குதிரைதான் குதிரை மாதிரி இருக்கு, லெகோ குதிரையில ஆள் உக்கார மாட்டான், ஏதோ பஸ்ல நிக்கிற மாதிரி சொருகிக்கிட்டு நிப்பான்.

2011ல இருந்து அவங்களும் மூடுன பையில ஃபேன்டஸி, சரித்திர ஆளுங்கன்னு கலந்து விட்டாங்க, அந்த வகை ஆளுங்க துண்டு துண்டாவே வரும், நாமதான் சேக்கணும், அதனால ஒருத்தன் உடம்ப இன்னொருத்தன் கால்ல போடுறது அதுல சுலபம். பழைய ரக ஆளுங்க அப்படி இல்ல, முடியக் கழட்டிட்டு உள்ள இருக்கிற முள்ள மழுங்குன குச்சியால தள்ளித்தான் பிரிக்கணும், ஸ்க்ரூட்ரைவர வச்சு நெம்பாதீங்க, வெள்ளையா தழும்பு விழும்.

சரி கெட்டது? மூஞ்சி. எல்லாரும் ஒரே சிரிப்பு, மூக்கு கிடையாது. அருவா தூக்கி நிக்கிறவன் கிண்டர்கார்டன் டீச்சர் மாதிரி சிரிச்சா எப்படி? பெரிய தாடிய மாட்டி வாய மறைக்கலாம், மீசை மட்டும்னா கஷ்டம். ரெண்டு காலும் சேந்து ஒண்ணா மடங்கும்ங்கறதால நடக்கிற போஸும் கிடையாது. இன்னொண்ணு, இங்க லெகோ மாதிரி லூஸ் பார்ட்ஸ் கேரோசெல்ல கொட்டிக் கிடக்காது, யாராவது பிள்ளைங்க வளந்துட்டாங்கன்னு ஒரு டப்பா முழுக்க விக்கும்போது அள்ளிக்கணும், அந்த டப்பாவுல பாதி டாக்டரும் தீயணைப்புக்காரரும்தான் இருப்பாங்க, பரவாயில்ல, டாக்டரோட வெள்ளை பேன்ட் எனக்கு வேட்டிக்கு ஆச்சு.

மித்திக் லீஜியன்ஸ் பத்தி சுருக்கமா. ஃபோர் ஹார்ஸ்மென்னு ஒரு அமெரிக்க ஸ்டூடியோ, 2015ல கிக்ஸ்டார்ட்டர்ல பணம் திரட்டி ஆரம்பிச்சாங்க. தலை, தோள் கவசம், கை, ஆயுதம் எல்லாம் மாத்திப் போடுறதுக்குன்னே யோசிச்சு செஞ்சது, மொறைச்சுப் பாக்குற மூஞ்சி, சுருக்கம், தழும்புன்னு சிற்பம் அள்ளும். ஹேர்டிரையரோ சுடுதண்ணியோ காட்டி மூட்ட இளக்கிட்டுத்தான் கழட்டணும், அவசரப்பட்டு இழுத்தா உள்ள இருக்கிற முளை திருகிக்கும். ஆனா முன்பதிவு பண்ணி மாசக்கணக்குல காத்திருக்கணும், ஒரு ஆள் விலைக்கு நெறைய லெகோ தலை வாங்கலாம், ரெண்டு ஆள வாங்குனாதான் மாத்திப்போடவே முடியும். அதோட வரி. 2023 ஜனவரியில இருந்து 400 வெள்ளிக்குக் கீழ வெளிநாட்டுல இருந்து வாங்குற சாமானுக்கும் ஜிஎஸ்டி வந்துருச்சு, இப்ப 9 சதவீதம், பதிவு பண்ணின விற்பனையாளர்னா செக்அவுட்லயே சேத்துருவாங்க. என் ஆளுக்குத் தேவையான தலைப்பாகை, வேட்டி வகையறா இதுல பாக்கவும் முடியல, பூரா ஐரோப்பிய கவசம்தான்.

நம்மூர் வெயில்லயும் புழுக்கத்துலயும் எது தாங்கும்னு யாரும் சொல்றதில்ல. லெகோ உடம்பு ஏபிஎஸ் பிளாஸ்டிக், கெட்டி, ஜன்னல் வெயில்ல வச்சாதான் வெள்ளையும் நீலமும் பழுப்பேறும். சில வருஷங்கள்ல வந்த செம்பிரவுன் பார்ட்ஸ் மட்டும் பொறை ரொட்டி மாதிரி உடையும், பழசு வாங்குறவங்க உஷாரா இருங்க. பெரிய ஆக்‌ஷன் ஃபிகர்ல மெத்துன்னு இருக்கிற வாள், கச்சை மாதிரி பிவிசி சாமான் மூடி வச்ச டப்பாவுல நாளாக நாளாக பிசுபிசுங்கும், சோப்புத் தண்ணியில கழுவிக் காத்தாட வைக்கணும். ஸ்டோர் ரூம் டப்பாவுல போட்டு மறந்துறாதீங்க.

மலிவா கிடைக்கிற காப்பி மினிஃபிகர் பத்தி கேப்பீங்க. வாள், கேடயம் மட்டும்னா சில நேரம் தேறும், தலையும் உடம்பும் வேண்டாம், பிடி தளர்வா இருக்கும், காலு உடம்புல நிக்காது. 3டி பிரிண்டர் நல்ல வழிதான், நூலகத்துல மேக்இட்னு பேர் வச்ச பட்டறை இடங்கள்ல இருக்கு, ஆனா சாதா பிளாஸ்டிக் இழை பிரிண்டரோட முனை ஓட்டை 0.4 மில்லிமீட்டர், மினிஃபிகர் கையில சொருகுற அளவுக்கு மெலிசான அருவாள்ல கோடு கோடா தெரியும், ப்ளேமொபில் சைஸ் அருவான்னா ஓகே. இதவிட நுணுக்கமா அடிக்கிற ரெசின் பிரிண்டர் வச்சிருக்கிற கூட்டாளி இருந்தா அவரு காலப் பிடிங்க. பெயிண்ட் அடிக்கறவங்க மூட்டுல அடிக்காதீங்க, கை ஒரு தடவ சுத்துனாலே உரிஞ்சு வந்துரும்.

என் கணக்கு இதுதான்: மேப்ல ஆட லெகோ, பிரவுன் தலை, மூடுன கழுத்து, பாம்பாட்டி தலைப்பாகை. டிவிக்குக் கீழ நிக்க ப்ளேமொபில், குதிரையோட, தாடிக்குள்ள சிரிப்ப ஒளிச்சு வச்சு. மித்திக் லீஜியன்ஸ்க்கு இப்போதைக்கு காசு போடல. மீசையோட பிரவுன் லெகோ தலை யார்கிட்டயாவது ஒண்ணு எக்ஸ்ட்ரா இருந்தா சொல்லுங்க, டீஃப்ளிங் கொம்பு தரேன், மாத்திக்கலாம்.