பினோ நுவார்: ரஷ்யன் ரிவரா, சோனோமா கோஸ்ட்டா, சான்டா ரீட்டாவா?

கலிஃபோர்னியா ஒயின் கடையில் போய் குளிர்ந்த கடலோரத்துச் சிவப்பு ஒயின் வேண்டும் என்று கேட்டால் பெரும்பாலும் பினோ நுவார் என்ற திராட்சையில் செய்த ஒரு பாட்டிலைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். லேபிளில் அனேகமாக ரஷ்யன் ரிவர் வேலி, சோனோமா கோஸ்ட், சான்டா ரீட்டா ஹில்ஸ் என்ற மூன்றில் ஒரு பெயர் இருக்கும். மூன்றையும் 'கடல்காற்று, மூடுபனி' என்று ஒரே பாட்டாகப் பாடித்தான் விற்கிறார்கள், குடித்துப் பார்த்தால் மூன்றும் மூன்று விதம். என் ஓட்டு சோனோமா மாவட்டத்தின் மேற்கு ஓரத்துக்கு. ஆனால் லேபிளில் வெறும் 'சோனோமா கோஸ்ட்' என்று மட்டும் போட்டிருந்தால் அந்த ஓட்டு கிடையாது.

ஏன் என்றால், சோனோமா கோஸ்ட் என்று 1987-ல் அரசு ஒயின் பகுதியாகக் கோடு போட்ட இடம் ஏறக்குறைய 5 லட்சம் ஏக்கர். வடக்கே மென்டசீனோ மாவட்ட எல்லையிலிருந்து தெற்கே சான் பாப்லோ விரிகுடா வரை இழுத்துவிட்டார்கள். அங்கங்கே சிதறிக் கிடந்த தோட்டங்களையெல்லாம் ஒரே பகுதிக்குள் கொண்டுவந்தால் 'சொந்தத் தோட்டத்து ஒயின்' என்று லேபிளில் போட்டுக்கொள்ளலாம் என்ற வியாபாரக் கணக்கும் அதன் பின்னால் இருந்தது. விளைவு, கடலைக் கண்ணால்கூடப் பார்க்காத திராட்சையும் 'கோஸ்ட்' ஆகிவிட்டது. ரஷ்யன் ரிவர் பகுதியின் பெரும் பங்கும் இந்தக் கோட்டுக்குள்ளேயே வருகிறது, அதனால் ஒரே தோட்டத்துப் பழத்தை இரண்டு பெயரில் எதில் வேண்டுமானாலும் விற்கலாம்.

உண்மையான கரையோரத்தில் தோட்டம் வைத்திருந்தவர்களுக்கு இது எரிச்சல்தான். அவர்கள் விடாமல் நின்றதால் 2012-ல் ஃபோர்ட் ராஸ்-சீவியூ, 2022-ல் வெஸ்ட் சோனோமா கோஸ்ட் என்று தனித்தனிப் பகுதிகள் வந்தன. நான் ஓட்டுப் போடுவது இந்த இரண்டு பெயர்களுக்குத்தான்.

பினோ நுவார் தோல் மெல்லிய, சீக்கிரம் பழுக்கும் திராட்சை. வெயில் கூடினால் புளிப்பு இறங்கி, சர்க்கரை ஏறி, ஒயின் ஜாம் மாதிரி ஆகிவிடும். பசிபிக்கின் இந்தக் கரையில் ஆழத்துக் குளிர்ந்த நீர் மேலே எழும்பி வருகிறது. கோடையில் உள்நாடு சூடாகிக் காற்று மேலே கிளம்ப, அந்த இடத்தை நிரப்பக் கடல் காற்றும் மூடுபனியும் மலை இடைவெளிகள் வழியாக உள்ளே பாய்கின்றன. அந்தப் பனி எந்த வழியாக நுழைகிறது, எவ்வளவு நேரம் தங்குகிறது என்பதில்தான் மூன்று இடங்களும் பிரிகின்றன.

ரஷ்யன் ரிவரில் ஆற்றுப் பள்ளத்தாக்கு வழியாகப் பனி ராத்திரி வந்து உட்கார்ந்து, காலையில் மெல்ல விலகும். மதியம் நல்ல வெயில். அதனால் பழம் நன்றாகப் பழுக்கிறது, புளிப்பும் முழுசாகப் போய்விடுவதில்லை. செர்ரி, கோலா, கொஞ்சம் மசாலா வாசனை, வாயில் உருண்டையான மென்மை. பினோ நுவார் முதன்முதலாகக் குடிப்பவருக்கு இதைத்தான் கொடுப்பேன், யாருக்கும் பிடிக்காமல் போகாது. எனக்கு அதுவே குறையாகவும் படுகிறது. இரண்டாவது கிளாஸில் சொல்வதற்குப் புதிதாக அதனிடம் ஒன்றும் இருப்பதில்லை. செபாஸ்டபோல் பக்கம், கோல்ட்ரிட்ஜ் என்ற மணற்பாங்கான மண்ணில் விளைந்தவை விதிவிலக்கு, அவற்றில் கூர்மை இருக்கிறது. ஒன்று கவனியுங்கள், 1983-ல் உருவான இந்தப் பகுதியின் எல்லையும் நகராமல் இல்லை. 2011-ல் தெற்கே சுமார் 14,000 ஏக்கர் சேர்த்தார்கள்.

ஃபோர்ட் ராஸ்-சீவியூ கதை வேறு. கடலிலிருந்து சில மைல் தூரத்திலேயே மலைமுகடுகள். தோட்டங்கள் பெரும்பாலும் 920 அடிக்கு மேல், அதாவது பனிக்கு மேலே. கீழே வெள்ளையாக மூடிக் கிடக்கும்போது மேலே சூரியன் அடிக்கும். அப்படியென்றால் சூடுதானே என்று கேட்பீர்கள். இல்லை, கடல்காற்று விடாது, பகல் உச்சத்துக்கு ஏறாது. ராத்திரியும் பள்ளத்தாக்கு அளவுக்குச் சில்லிடாது. வெளிச்சம் நிறைய, சூடு குறைவு, அதனால் பழம் நிதானமாகப் பழுக்கிறது. டேவிட் ஹிர்ஷ் 1980-ல் இங்கே கொடி நட்டபோது இவ்வளவு ஒதுக்குப்புறத்தில் திராட்சையா என்றுதான் இருந்திருக்கும். சான் ஆண்ட்ரியாஸ் நிலப்பிளவு அருகிலேயே ஓடுவதால் சில அடி தூரத்திலேயே மண் மாறுகிறது, தோட்டத்தைத் துண்டு துண்டாகப் பிரித்துத் தனித்தனியாக ஒயின் செய்கிறார்கள். ருசியில் காட்டுப்பழம், ஈரமண், காளான், ஒரு துவர்ப்பு. மூடின பாட்டில் சில வருஷம் காத்திருந்தாலும் பலன் தெரியும். (ஃபோர்ட் ராஸ் 1812 முதல் 1841 வரை ரஷ்யர்கள் வைத்திருந்த கோட்டை. ஆற்றுக்குப் பெயர் வந்ததும் அவர்களால்தான்.)

அதே மேற்கோரத்தில் தெற்கே ஃப்ரீஸ்டோன், ஆக்ஸிடென்டல் பக்கம் பனிக்குள்ளேயே கிடக்கும் தோட்டங்கள். அங்கே ஒயின் இன்னும் ஒல்லி, இன்னும் புளிப்பு. சில வருஷம் பழுக்காமலே போய்விடுமோ என்ற பயம் எப்போதும் உண்டு. எனக்குப் பிடிக்கும், எல்லோருக்கும் பிடிக்கும் என்று சொல்ல மாட்டேன்.

சான்டா ரீட்டா ஹில்ஸ் எங்கோ தெற்கே, சான்டா பார்பரா மாவட்டத்தில். சோனோமாவை விட வெப்பமாக இருக்க வேண்டிய இடம். ஆனால் கலிஃபோர்னியாவின் மலைத்தொடர்கள் பெரும்பாலும் வடக்கு-தெற்காக ஓட, இங்கே கிழக்கு-மேற்காகக் கிடக்கின்றன, கடல்காற்றுக்கு நேர் கதவு. 1971-ல் ரிச்சர்ட் சான்ஃபோர்டும் மைக்கேல் பெனடிக்டும் நட்ட தோட்டம்தான் ஆரம்பம், தனிப் பகுதி ஆனது 2001-ல். மழை குறைவு, காற்று அதிகம், பழம் சிறிசாக, தோல் தடிமனாக வரும். அதனால் நிறம் கருத்து, காரசாரமாக, லேசாக உப்புப்பட்ட மாதிரி இருக்கும். ஆல்கஹாலும் பல பாட்டில்களில் தூக்கல். மிளகு தூக்கலான கறியோடு அந்த ஆல்கஹால் நாக்கில் எரியும். வாட்டிய வாத்து, ஆட்டிறைச்சி என்றால் இதை மிஞ்ச மற்ற இரண்டாலும் முடியாது.

சரி, எதை வாங்குவது? 30 டாலரைச் சுற்றிச் செலவு செய்வதாக இருந்தால் வெறும் 'சோனோமா கோஸ்ட்' வேண்டாம், அந்த விலையில் ரஷ்யன் ரிவர் நம்பகமானது. 50 டாலருக்கு மேல் போகத் தயார் என்றால் ஃபோர்ட் ராஸ்-சீவியூ அல்லது வெஸ்ட் சோனோமா கோஸ்ட் என்ற பெயரைத் தேடுங்கள். பகுதியின் பெயரைப் போட 85 சதவீதப் பழம் அங்கிருந்து வந்தால் போதும். தோட்டத்தின் பெயரும் இருந்தால் அது 95 சதவீதம், இன்னும் உறுதி. அப்புறம், சோனோமா பாட்டிலில் 2020 என்று இருந்தால் விசாரித்து வாங்குங்கள். அந்த வருஷம் காட்டுத்தீப் புகை பழத்தோலில் ஏறி, பல பேர் பினோ நுவாரே செய்யாமல் விட்டார்கள்.