கட்டி வார்ப்பா, பொள்ளல் வார்ப்பா?

திருகோணமலையில் வெண்கலச் சிற்பம் செய்ய நினைப்பவர் மாதிரி தேடி அலைய வேண்டியதில்லை. பிரெட்ரிக் கோட்டைக்குள் புள்ளிமான்கள் சாவகாசமாக மேய்கின்றன. மனித உருவுக்கு, 1950இல் நிலத்தடியிலிருந்து கிடைத்த கோணேசர் கோயில் திருமேனிகள் இருக்கின்றன. எதை எப்படி வார்ப்பது என்பதுதான் கேள்வி.

இரண்டு முறைக்கும் தொடக்கம் ஒன்றே: மெழுகில் உருவம், மேலே மண் பூச்சு, சூட்டில் மெழுகு வெளியேறிய இடத்தில் உருகிய உலோகம். கட்டி வார்ப்பில் உள்ளே முழுவதும் வெண்கலம். பொள்ளல் வார்ப்பில் நடுவே மண் கரு, அதன்மேல் சில மில்லிமீற்றர் மெழுகு.

ஒரு சாண் உயர மனித உருவுக்குக் கட்டி வார்ப்பே போதும். கரு நகர்ந்துவிடுமோ என்ற பயம் இல்லை. சுவாமிமலை ஸ்தபதிகளின் வழியும் இதுதான்.

மான் அப்படியல்ல. பத்து சென்ரிமீற்றர் கனசதுர வெண்கலமே ஏறக்குறைய 9 கிலோ. உடம்பைக் கட்டியாக வார்த்தால் அத்தனை பாரமும் அந்தக் குச்சிக் கால்களில். மெல்லிய கால் முதலில் இறுகும், தடித்த வயிறு கடைசியில். இறுகும்போது உலோகம் சுருங்குவதால் வயிற்றில் குழி விழலாம், கால் சேருமிடம் வெடிக்கலாம். பொள்ளலில் தடிப்பு எங்கும் ஏறத்தாழ ஒன்று, உலோகச் செலவும் குறைவு. ஆனால் வேலை கூடும்: கருவைத் தாங்க ஆணிகள் வேண்டும், அப்புறம் அந்தத் துளைகளை அடைக்க வேண்டும். கருவில் ஈரம் இருந்தால் நீராவி உலோகத்தைக் குமிழாக்கிவிடும்.

சின்னதாகப் படுத்திருக்கும் மானா? சரி, கட்டியாகவே வார்க்கலாம். நிற்கும் மானுக்கு நான் பொள்ளலைத்தான் சொல்வேன். கொம்பை மட்டும் தனியாக வார்த்துப் பொருத்துங்கள்.