சென்னைச் சமையலறைக்கு ஒரு கரண்டிப் பெட்டி: எட்டு மாதப் பயன்பாட்டுக்குப் பின்

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது, வேளச்சேரியில் உள்ள எங்கள் தரைத்தள வீட்டுச் சமையலறைக்குள் தண்ணீர் புகுந்து இரண்டு நாள் வடியாமல் நின்றது. மேடைக்கு அடியில் இருந்த கரண்டிப் பெட்டி, பார்ப்பதற்கு உயர்ந்த மரம் போலவே தோன்றிய எம்.டி.எஃப். பெட்டி, ஊறி உப்பிவிட்டது. ஒரு வாரம் வெயிலில் வைத்தும் அது பழைய வடிவத்துக்குத் திரும்பவில்லை. மர நாரைப் பசையோடு சேர்த்து அழுத்திச் செய்யும் அந்தப் பலகை ஒருமுறை தண்ணீரில் ஊறிவிட்டால் நார்கள் பிரிந்துவிடுகின்றன. காய்ந்தாலும் அவை மீண்டும் இறுகுவதில்லை. அதன் பிறகு ஒன்றரை ஆண்டுக் காலம் கரண்டிகளை ஒரு பிளாஸ்டிக் கூடையில் போட்டுவைத்துச் சமாளித்துவிட்டு, சென்ற ஜூன் மாதம் தேக்கில் செய்த மூன்றடுக்குப் பெட்டி ஒன்றைப் புரசைவாக்கத்தில் ஒரு மரச்சாமான் கடையில் 4,600 ரூபாய்க்கு வாங்கினோம். ஒரு கோடையின் கடைசியையும் ஒரு வடகிழக்குப் பருவமழையையும் அது முழுமையாகப் பார்த்துவிட்டதால், இப்போது அதைப் பற்றி நம்பிக்கையோடு எழுத முடிகிறது.

கடைக்குப் போவதற்கு முன் வீட்டில் உள்ள கரண்டிகளை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். இதை நான் முதலில் செய்யவில்லை. அதனால் பாரிமுனைக்கும் தியாகராய நகருக்கும் இரண்டு முறை வீணாக அலைந்தேன். கடைகளில் கிடைக்கும் பெட்டிகளில் பெரும்பாலானவை மேசை ஸ்பூன், முள்கரண்டி, மேசைக் கத்தி ஆகியவற்றை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை. அவற்றின் உள்நீளம் பத்து அல்லது பதினோரு அங்குலம்தான் இருக்கிறது. எங்கள் வீட்டில் சாம்பார்க் கரண்டி 13 அங்குலம், தோசைத் திருப்பி 14 அங்குலம். நீளத்தைப் போலவே ஆழமும் முக்கியம். குழிக்கரண்டியின் குழி இரண்டரை அங்குல உயரம் எழும்பி நிற்பதால், ஒன்றரை அங்குல ஆழமே உள்ள தட்டில் அதை வைத்துவிட்டு மேலடுக்கை மூட இயலாது. நாங்கள் வாங்கிய பெட்டியில் மேல் இரண்டு அடுக்குகள் ஆழம் குறைந்தவை. ஸ்பூன்களுக்கும் முள்கரண்டிகளுக்கும் போதும். கீழ் அடுக்கு மூன்றரை அங்குல ஆழமும் பதினைந்து அங்குல நீளமும் கொண்டது. இந்தக் கீழ் அடுக்குக்காகவே அதைத் தேர்ந்தெடுத்தோம்.

அளவுக்கு அடுத்தபடியாக நான் பார்த்தது காற்றோட்டம். கடலை ஒட்டிய ஊர் இது. காற்றில் ஈரமும் உப்பும் எப்போதும் இருக்கின்றன. எவர்சில்வர் துருப்பிடிக்காது என்று நாம் நம்பினாலும், அதைக் காப்பது குரோமியம் உருவாக்கும் மிக மெல்லிய ஆக்சைடு படலம்தான். உப்பில் உள்ள குளோரைடு அந்தப் படலத்தை அங்கங்கே துளைத்துவிடும். கழுவிய ஈரம் உலராமல் மூடிய பெட்டிக்குள் கரண்டியைப் போட்டால், கைப்பிடி ஒட்டவைத்த இடத்தில் முதலில் பழுப்புப் புள்ளிகள் தோன்றும். கரண்டியின் உலோகத்தைப் பொறுத்தும் இது மாறுகிறது. எவர்சில்வரில் 304 என்று எண்ணிட்ட தரத்தில் சுமார் 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் இருப்பதால் அது நன்றாகத் தாங்குகிறது. விலை மலிவான 202 தரத்தில் நிக்கலைக் குறைத்து மாங்கனீசைக் கூட்டியிருப்பார்கள். அது அவ்வளவு தாங்குவதில்லை. காந்தம் ஒட்டவில்லை என்றால் நல்ல எவர்சில்வர் என்று கடைக்காரர்கள் சொல்வதை நம்பி முடிவெடுக்காதீர்கள். இந்த இரண்டு தரங்களிலுமே காந்தம் பெரும்பாலும் ஒட்டாது. கத்திகளின் நிலை வேறு. கூர்மை நிற்பதற்காக அவற்றின் எஃகில் கார்பனைக் கூட்டிச் சேர்ப்பதால் அவை சீக்கிரம் துருப்பிடிக்கின்றன.

எங்கள் பெட்டியின் பின்பலகையில் விரல் நுழையாத அளவுக்கு மெல்லிய பிளவுகள் வரிசையாக விடப்பட்டிருக்கின்றன. முதலில் இதைக் குறையாகவே நினைத்தேன். கரப்பான் பூச்சி நுழைந்துவிடுமே என்று கடைக்காரரிடம் கேட்டேன். “அம்மா, முழுசா மூடினா உள்ளே புழுங்கிப் போயிடும். பின்னாடி வலை அடிச்சுக்குங்க, போதும்” என்றார். அவர் சொன்னபடியே கொசு வலைத் துண்டு ஒன்றை உட்புறம் ஒட்டினோம். இதுவரை ஒரு பூச்சியும் உள்ளே வரவில்லை. நவம்பர் மழையில்கூடப் பெட்டியைத் திறந்தால் பூஞ்சை வாடை இல்லை. பழைய பெட்டியில் ஒவ்வொரு ஐப்பசியிலும் அந்த வாடையோடுதான் போராடினேன்.

வேறு பொருள்களில் செய்த பெட்டிகளையும் பார்த்தோம். கம்பிக் கூடை விலை குறைவு, தண்ணீரும் வடியும். ஆனால் தூசியும் தாளிப்பின் எண்ணெய்ப் பிசுக்கும் நேராகக் கரண்டிமேல் படியும். மூங்கில் தட்டு அழகாக இருந்தாலும், என் தங்கை வீட்டில் ஒரே மழைக்காலத்தில் அதன் மூலைகள் கறுத்துப் போனதைக் கண்டிருக்கிறேன். பிளைவுட்டில் செய்துகொள்ள விரும்புகிறவர்கள் ஐ.எஸ். 710 என்ற இந்தியத் தர முத்திரை உள்ள பலகையைக் கேட்டு வாங்கலாம். கொதிநீரையும் தாங்கும் பசையால் ஒட்டப்பட்டது அது. தச்சரை வைத்து அதில் செய்வதற்கான செலவு தேக்குப் பெட்டியின் விலையை நெருங்கிவிட்டதால், நாங்கள் தேக்கையே எடுத்தோம். தேக்கில் இயல்பாகவே எண்ணெய்ப் பசை உண்டு. அதனால் ஈரத்தையும் கரையானையும் அது நன்றாக எதிர்க்கிறது.

உள்விரிப்பைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் பலரும் இதில்தான் ஏமாறுகிறார்கள். சிவப்புக் கம்பளித் துணி ஒட்டிய பெட்டி கடையில் மிகவும் கவர்ச்சியாகத் தெரியும். கம்பளியில் இயற்கையாகவே கந்தகம் இருக்கிறது. வெள்ளி கறுப்பதற்குக் காரணமே கந்தகம்தான். மாமியார் தந்த ஆறு வெள்ளி ஸ்பூன்களையும் குழந்தைக்குப் பால் புகட்டிய சங்கையும் பழைய பெட்டியின் கம்பளி விரிப்பில் வைத்திருந்தேன். ஒவ்வொரு பண்டிகைக்கும் விபூதி போட்டுத் தேய்க்க வேண்டியிருந்தது. ரப்பர் பேண்டால் கட்டிவைத்த ஸ்பூன்களில் பட்டையாகக் கறுத்த கோடே விழுந்துவிட்டது, ஏனென்றால் ரப்பரிலும் கந்தகம் உண்டு. புதிய பெட்டியில் ஒட்டியிருந்த விரிப்பை முதல் நாளே உரித்துவிட்டு, துவைத்த பழைய பருத்தி வேட்டியின் துண்டுகளை விரித்தேன். வாரம் ஒருமுறை எடுத்துத் துவைக்கவும் முடிகிறது. வெள்ளிப் பொருள்களைத் தனியே பருத்தித் துணியில் சுற்றி, காற்றுப் புகாத உறையில் இரண்டு சாக்பீஸ் துண்டுகளோடு மேல் அடுக்கில் வைத்திருக்கிறேன். தீபாவளிக்கு எடுத்தபோது வெறும் துணியால் துடைத்ததே போதுமாக இருந்தது.

பெட்டியில் குறைகளும் இருக்கின்றன. அடுக்குகள் வழுக்கி நகர உதவும் இரும்புச் சேனல் கிடையாது; மரத்தின்மேல் மரமே நகர்கிறது. அக்டோபர் கடைசியில் ஈரம் ஏறி மரம் விரிந்ததும் நடு அடுக்கு இறுகிக்கொண்டது. இரு கைகளாலும் இழுத்தால்தான் வந்தது. பக்கவாட்டில் மெழுகுவர்த்தியைத் தேய்த்தேன், ஓரளவு சரியானது. ஜனவரியில் காற்று உலர்ந்த பிறகு தானாகவே இளகிவிட்டது. வாங்கும்போது அடுக்கைச் சுற்றிச் சிறிது இடைவெளி இருக்கிறதா என்று பார்த்திருக்க வேண்டும். கடையில் இறுக்கமாகவும் நேர்த்தியாகவும் பொருந்துகிற அடுக்கு மழைக்காலத்தில் திறக்காது. பெட்டியின் எடை ஒன்பது கிலோ என்பதால் மேடையைத் துடைக்க நகர்த்துவது கடினம். வயதானவர்கள் மட்டும் உள்ள வீட்டுக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். மேல்பூச்சு சில இடங்களில் தடிமனாக வழிந்து உறைந்திருக்கிறது. இந்த விலைக்கு இன்னும் கவனமாகச் செய்திருக்கலாம்.

மூலைகளில் ஆணி அடிக்காமல், கை விரல்களைக் கோத்தது போல ஒன்றுக்குள் ஒன்று பொருந்தும் மூட்டுப் போட்டிருக்கிறார்கள். எட்டு மாதமாகக் கனமான கரண்டிகளைச் சுமந்தும் ஒரு மூலைகூட அசையவில்லை. கத்திகளுக்கென்று தனி இடம் மட்டும் அதில் இல்லை. அவற்றை இப்போதைக்குச் சுவரில் ஒரு பலகையில் மாட்டியிருக்கிறேன். நடு அடுக்கில் குறுக்குத் தடுப்பு வைத்துத் தருவதாகக் கடைக்காரர் சொல்லியிருக்கிறார், அதற்கு 350 ரூபாய் ஆகுமாம்.